கல்லூரி நீச்சலிற் பயிற்சித் தணிப்பு

ஐக்கிய அமெரிக்கக் கல்லூரி நீச்சல் வீரர் பல மாதங்கள் நீண்ட தூரம் நீந்திப் பயில்வர். பெரும்போட்டிக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்னர் அத்தூரத்தைக் குறைப்பதே பயிற்சித் தணிப்பாகும். ஈட்டிய ஆற்றல் ஓய்வில் அழியுமென அஞ்சுவோர் உளர். உண்மையிற் பெரிதும் நீங்குவது சோர்வே. முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2007ஆம் ஆண்டு ஆய்வொன்று, பயிற்சியளவை 41 முதல் 60 வீதம் வரை குறைத்து, அதன் தீவிரத்தைக் குறையாது பேணுதலே பெரும்பயன் தருமெனக் காட்டிற்று. மெதுவாக நீந்தி இளைப்பாறுதல் தணிப்பாகாது என்பதைப் பயிற்றுநர் சிலர் இன்றும் மறந்துவிடுகின்றனர்.

இடர்ப்பாடு போட்டிகளின் வரிசையிலேயே உள்ளது. பெப்ரவரி இறுதியை ஒட்டிப் பல்கலைக்கழகக் கூட்டமைப்புப் போட்டிகள். மார்ச்சிலே தேசியப் போட்டி. தகுதி நேரத்தை முன்னரே பெற்றவர் முதலாவதற்கெனச் சிறிதளவே தணித்தாற் போதும். பெறாதவரோ முழுத் தணிப்பையும் அதற்கே செலவிட நேர்கின்றது. அவர் தகுதி பெற்றாலும், மார்ச்சுக்கென மீண்டும் உடலைத் திரட்ட எஞ்சுவன சில வாரங்களே.