சாம்பலைப் பிடிக்கும் சீப்பு

தலை வாரிய சீப்பைச் சின்னக் கடதாசித் துண்டுகளுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறீர்களா? துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும், இல்லையா? நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலைப் பிடிப்பதும் கிட்டத்தட்ட அதே வித்தைதான்.

அல்லைப்பிட்டி வீட்டு அடுப்பில் காவோலை எரித்தால், சாம்பல் அடுப்படியிலேயே கிடக்கும். நிலக்கரியை மாவாக அரைத்து எரித்தாலோ, சாம்பலில் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து பறக்கும். புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய லக்விஜய அனல்மின் நிலையத்தில், அந்தப் புகை வெளியே போகுமுன் உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே செல்கிறது. மின்னேற்றம் பெற்ற துகள்கள் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். தகடுகளைத் தட்டினால் சாம்பல் கீழே கொட்டும். அது சீமெந்து செய்யவும் உதவும்.

இன்னொரு நன்மையும் உண்டு. நிலக்கரியில் இருக்கும் ஆர்சனிக், ஈயம் போன்ற நஞ்சுகள் நுண்ணிய சாம்பலில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். சாம்பல் பிடிபட்டால் அவற்றிலும் பெரும்பங்கு பிடிபடும். பாதரசம் மட்டும் பொல்லாத கள்ளன். ஆவியாக நழுவப் பார்க்கும். அதை மடக்கச் சில நாடுகளில் விசேடமான கரித்தூளைப் புகைக்குள் தூவுகிறார்கள்.

தேசிய மின்வலையில் வரும் எங்கள் மின்சாரத்தில் நுரைச்சோலையின் பங்கும் கலந்திருக்கிறது, நேயர்களே. ஆள் இல்லாத அறையில் எரியும் விளக்கை இப்போதே அணைத்துவிடுங்கள். எரிக்காத நிலக்கரிக்குச் சாம்பலும் இல்லை, நஞ்சும் இல்லை!