காய்ச்சலும் கரும்பொருக்கும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கோவில்பட்டிக் கரிசல் பூமி பசுமை போர்த்து நிற்கிறது. உளுந்தும் பாசியும் பருத்தியும் வளரும்போதே, ஓடைக்கரைகளிலும் வரப்புகளிலும் புல்லும் புதரும் தழைக்கின்றன. களை எடுப்போரும் ஆடு மேய்ப்போரும் விறகு வெட்டுவோரும் அவற்றினூடே நடமாடும் இக்காலத்தில் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியம். மருத்துவர்கள் இதனை ஸ்க்ரப் டைபஸ் என்பர்.

புதர்களில் வாழும் மிகச் சிறிய ஒட்டுண்ணியின் இளம்புழு கடிக்கும்போது ஒருவகைப் பாக்டீரியா நம் உடலில் புகுகிறது. மாட்டின் மேல் காணும் உண்ணி வேறு, இது வேறு. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. கடித்துப் பெரும்பாலும் பத்து நாள் அளவில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவை தோன்றும்.

நோயைக் காட்டிக் கொடுப்பது கடிவாயில் உண்டாகும் கறுத்த பொருக்கு. பீடி சுட்ட வடுவைப் போன்ற அதனைச் சுற்றிச் சிவந்த வளையம் இருக்கும். வலியும் அரிப்பும் இராமையால் நோயாளியே அதனை அறிவதில்லை. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்புறம் முதலிய மறைவிடங்களில் தேடிப் பார்க்க வேண்டும். பலருக்குப் பொருக்கு தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

காலந்தாழ்த்தினால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவை பழுதுபடும். அரிதாகச் சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு விரல் நுனிகள் கறுத்து அழுகுவதும் உண்டு. இது கடிவாய்ப் பொருக்கு அன்று. உயிருக்கு ஆபத்தான நிலையின் அடையாளம். மூச்சுத் திணறல், நினைவு தடுமாறல், விரல் கறுத்தல் ஆகியவற்றைக் கண்டால், பச்சிலையும் எண்ணெயும் தடவிப் பொழுதைக் கழிக்காமல், 108 ஊர்தியை அழைத்துக் கோவில்பட்டி அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தொடக்கத்திலேயே வந்தால் சிகிச்சை எளிது. மருத்துவர் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையால் பெரும்பாலோர்க்கு இரண்டு நாளில் காய்ச்சல் தணியும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தரப்படும். பெனிசிலின் இனத்து மருந்துகள் இக்கிருமியிடம் பலிப்பதில்லை; எனவே கடையில் கேட்டு ஏதேனும் ஒரு மருந்தை வாங்கி உண்பது தவறு. நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது மேலான பலன் தருவதை இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 32,000 பேரைக் கவனித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் பங்குகொண்ட ஆய்வு 2025-ல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இக்கிருமிக்கு உள்ளாவதை அது உணர்த்தியது. புதரும் எலியும் இந்த ஒட்டுண்ணியும் சேர்ந்த எவ்வூரிலும் இந்நோய் தோன்றலாம்.

இதற்குத் தடுப்பூசி இல்லை. எனவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் வீடுகள், பள்ளி, கிணற்றடி ஆகியவற்றைச் சுற்றியுள்ள புதர்களை அகற்றவும், எலிகளை ஒழிக்கவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். விவசாயிகள் உடலை மூடும் ஆடை அணிந்து வேலை செய்வதும், புல்தரையில் வெறுமனே படுக்காதிருப்பதும், வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து ஆடை மாற்றுவதும் நலம். காய்ச்சல் கண்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லும்போது, அவர் புதர்க்காட்டில் வேலை செய்தவர் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுவோம். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கக்கூடும்.