ஜாதிக்காய்த் தோட்டத்து மாட்டுக் கம்பம்

2008 ஜூலையில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மறு ஆண்டே, சில கிலோமீட்டர் தெற்கே குளுகோரில் கம்போங் புவா பாலா என்ற தமிழர் குடியிருப்பு தரைமட்டமானது. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் பிரவுனின் குடும்பத்துக்கு உரியதாக இருந்த ஜாதிக்காய்த் தோட்ட நிலம் அது. 1860 வாக்கில் நோய் விழுந்து பினாங்கின் ஜாதிக்காய் மரங்கள் அழிந்தன. தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த தமிழர்களோ அங்கேயே மாடும் ஆடும் வளர்த்துப் பிழைத்தார்கள். நகரத்துக்குள் மாடுகள் மேயும் அதிசயத்தைப் பார்த்து, அமெரிக்கக் கௌபாய் தொடரின் பெயரால் 'ஹை சாப்பரல்' என்று ஊரார் அழைத்தார்கள். பட்டமென்னவோ பொருத்தம்தான், ஆனால் வரலாறு உள்ள ஊராக யாரும் அதை எண்ணவில்லை என்பதையும் அது காட்டிக்கொடுக்கிறது.

பட்டா இல்லாத நிலத்தில் பாரம்பரியம் என்ன என்று கேட்கலாம். பிரவுன் குடும்பம் நிலத்தைத் தங்களுக்காகவே விட்டுச் சென்றது என்பது குடியிருப்பாளர்களின் வாதம்; மாநில அரசோ அதை அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுத்திருந்தது. 2009 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றமும் குடியிருப்பாளர்களைக் கைவிட்டது. சட்டத்தின் கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் ஜார்ஜ் டவுன் கரையோரச் சியூ ஜெட்டியைப் பாருங்கள். கடலுக்குள் கால் நட்டுப் பலகை பாவிய அந்தச் சீனர் குடியிருப்பும் தற்காலிக உரிமத்தில் நிற்பதுதான். அதற்குப் பாரம்பரிய எல்லைக்குள் இடம் கிடைத்தது. ஆகவே பட்டாவோ கல்கட்டடமோ அல்ல அளவுகோல். துறைமுக வணிகத்தின் கதைக்குள் வருகிறதா என்பதே. ஜெட்டியில் பண்டம் ஏற்றிய கை அந்தக் கதைக்குள் வந்தது. பால் கறந்த கை வரவில்லை.

காப்பாற்றியிருந்தாலும் காட்சிப்பொருளாகத்தானே ஆகியிருக்கும் என்பது கனமான மறுப்பு. இங்கிலாந்தில் 1967 முதல் முழுக் கிராமங்களையே பாதுகாப்புப் பகுதியாக்க முடிகிறது; கூரை வேய்ந்த வீடு அப்படியே நிற்கிறது, ஆனால் பல ஊர்களில் பண்ணைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அதை வாங்கக் கட்டுப்படியாவதில்லை. அந்த ஆபத்து இங்கும் இருந்தது. இழப்பீடாக இரட்டை மாடித் தொடர்வீடு வாங்கிக்கொண்ட கம்போங் குடும்பங்களுக்குக் கையில் உரிமைப் பத்திரம் வந்ததும் சின்ன விஷயமல்ல. ஆனாலும் தொடர்வீட்டு வாசலில் கார் நிறுத்தலாம், மாடு கட்ட முடியாது. இழப்பீடு வீட்டுக்குக் கிடைத்தது; தொழுவமும் மேய்ச்சலும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.