லஸ்: ஒரு பெண்பால் சொல்

மயிலாப்பூர் லஸ் கார்னரில் நாம் தினமும் உச்சரிக்கும் ‘லஸ்’ ஒரு போர்த்துகீசியச் சொல். வெளிச்சம் என்று பொருள். ஊர் வழக்கில் காட்டுக் கோயில் எனப்படும் பிரகாச மாதா ஆலயம் தந்த பெயர் அது. 1516 என்ற ஆண்டு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. போர்த்துகீசியத்தின் உடன்பிறப்பான ஸ்பானிஷிலும் இதே சொல்தான்: ‘லா லூஸ்’. முன்னே நிற்கும் ‘லா’, அது பெண்பால் என்று அறிவிக்கிறது.

வெளிச்சத்துக்கு ஏது ஆணும் பெண்ணும்? தமிழில் பொருளைப் பார்த்தே பால் சொல்கிறோம். மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. ஸ்பானிஷிலோ ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். போர்த்துகீசியர் வழியே நமக்கு வந்த மேசையும் சாவியும் அங்கே பெண்பால்: ‘லா மேசா’, ‘லா யாவே’. அலமாரி ஆண்பால்: ‘எல் அர்மாரியோ’. சொற்களை ஏற்ற தமிழ், அவற்றின் பாலை ஏற்கவில்லை.

ஆகவே, பால் இயல்பாகவே தெரியும் நட்புச் சொற்களில் தொடங்குவது எளிது. நண்பன் ‘அமீகோ’, தோழி ‘அமீகா’. பன்மையில் ‘அமீகோஸ்’, ‘அமீகாஸ்’. பத்துத் தோழிகளுடன் ஓர் ஆண் சேர்ந்தாலும் மரபு இலக்கணப்படி ‘அமீகோஸ்’தான், நம் ‘நண்பர்கள்’ போன்ற பலர்பால் அங்கில்லை. தோழமையைக் குறிக்கும் ‘கொம்பான்யேரோ’, ‘கொம்பான்யேரா’ ஆகியவற்றின் லத்தீன் வேர், ரொட்டியைப் பகிர்ந்து உண்பவரைச் சுட்டும். உடன் வேலை செய்பவரான ‘கொலேகா’ உருமாறாது. ‘எல்’, ‘லா’ மட்டுமே மாறும். நட்பு என்பதோ ‘லா அமிஸ்தாத்’. இரண்டு ஆண்களின் நட்பானாலும் அது பெண்பால்தான்.

நமக்குத் தடுமாற்றம் வரும் இடம் பெயரடை. ‘நல்ல நண்பன்’, ‘நல்ல தோழி’ இரண்டிலும் ‘நல்ல’ மாறுவதில்லை. ஸ்பானிஷில் ‘புவென் அமீகோ’, ‘புவேனா அமீகா’. வினையில் நிலைமை தலைகீழ். வந்தான், வந்தாள் என்று நாம் பிரிக்கும் இடத்தில் அவர்களுக்கு ‘வினோ’ ஒன்றே போதும். பாலை நாம் வினையின் வாலில் வைத்தோம். அவர்கள் பெயரிலும் பெயரடையிலும் வைத்தார்கள்.

ஆகவே ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குபவர்கள் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘எல்’, ‘லா’வோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். முதல் சொல்லாக ‘லா அமிஸ்தாத்’ இருக்கட்டும்.