கோப்பியும் நெய்யரியும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கடைமாணாக்கருக்கு நெய்யரியை உவமை கூறினார். நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வது அதன் குற்றம். அடுக்களையிலோ அக்குற்றமே குணமாகின்றது. ஒரே தூளை ஒரே அடுப்பிற் காய்ச்சினாலும், வடிக்கும் முறை மாறினால் கோப்பியின் சுவையும் மாறிவிடும். அஃது ஏன்?

கொதிநீர் கோப்பித்தூளிலிருந்து மூவகைப் பொருள்களைக் கொண்டுவருகின்றது. நீரிற் கரைந்து நிறமும் புளிப்பும் கசப்பும் தருவன முதல் வகை. இவை எந்த வடியையும் கடந்துவிடும். கரையாத எண்ணெய்த் துளிகள் இரண்டாவது. மாப்போன்ற நுண்துகள்கள் மூன்றாவது. பின்னைய இரண்டையும் வடி எவ்வளவு தடுக்கின்றது என்பதிலேயே சுவைவேறுபாடு தங்கியுள்ளது.

கம்பிவலை வடி பருந்தூளை மட்டுமே நிறுத்தும். எண்ணெயும் நுண்துகளும் கோப்பைக்குள் இறங்குவதால் பானம் கனமாக நாவிற் படியும். துகள்கள் கோப்பைக்குள்ளும் ஊறிக்கொண்டிருப்பதால், ஆறுந்தோறும் கசப்பு மிகும். இறக்கிய பாத்திரத்தைச் சில நிமிடம் அசையாது வைத்து, மேலாக வார்த்தால் இக்குறை குறையும்.

துணி நுண்துகளைப் பெரிதும் தடுத்து, எண்ணெயில் ஒரு பகுதியை விடும். ஆகவே கனமும் தெளிவும் ஒருங்கே அமையும். ஆயின், துணியில் ஊறிய எண்ணெய் நாட்பட்டாற் சிக்குநாற்றம் வீசும். வடித்தவுடன் சவர்க்காரமின்றி வெந்நீரில் அலசி உலர்த்துதல் வேண்டும்.

மூன்றாவது தாள். 1908ஆம் ஆண்டில் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் மகனின் பாடசாலைக் கொப்பியிலிருந்த மையொற்றுத் தாளை இட்டுக் கோப்பி வடித்தார். தாள் எண்ணெயையும் நிறுத்திவிடுவதால் பானம் தெளிந்து, கனங்குறைந்து, மென்புளிப்பு விளங்கித் தோன்றும். தாளை முதலில் வெந்நீரால் நனைத்தால் தாள்வாடை நீங்கும்.

இது நாவோடு முடியும் செய்தியன்று. கோப்பி மிகுதியாக அருந்துவோரின் இரத்தத்திற் கொலஸ்டரோல் மிகுந்திருப்பதை நோர்வேயின் திரொம்சோ நகர ஆய்வொன்று 1983இல் வெளிப்படுத்தியது. காய்ச்சி, வடிகட்டாது அருந்தும் வழக்கமே முக்கிய காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. கோப்பி எண்ணெயிலுள்ள கபெஸ்டோல் என்னும் பொருளே அதனை உயர்த்துகின்றது; தாள் அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது.

எனவே, எப்போதாவது ஒரு கோப்பை அருந்துவோர் தம் நாவின் விருப்பப்படி வடிக்கலாம். நாள்தோறும் பல கோப்பை அருந்துவோரும், கொலஸ்டரோல் மிகுந்தோரும் தாளை நாடுவதே நன்று. அவர்களுக்குக் கசட்டைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியே நல்ல நண்பன்.