டெலோமியரும் ஆயுட்கணக்கும்

மாந்தர் தம் வாழ்நாளின் எல்லையை முன்னறிய விழைதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கைரேகையும் நாடிச்சுவடியும் அவ்விழைவினின்றும் பிறந்தனவே. இக்காலத்தே இரத்தத்தைச் சோதித்து, ‘நும் உடலின் உண்மை வயது இத்துணை’ எனக் கட்டணம் பெற்றுக் கூறுவாரும் உளர். அவர்க்கு ஆதாரமாவது டெலோமியர் என்னும் நுண்பொருளின் நீளம். அஃது ஆயுளை அளக்கும் கோல் ஆகுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கயிற்றின் நுனி பிரியாதவாறு முடிச்சிடுதல் போல, உயிரணுவினுள் இருக்கும் குரோமோசோம் ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் இயற்கை ஒரு காப்பு அமைத்துள்ளது. அதுவே டெலோமியர். உயிரணு இரண்டாகப் பிரியுந்தோறும் அந்நுனி சிறிது தேய்கின்றது. மிகத் தேய்ந்தவிடத்து அணு பிரிதலை நிறுத்திவிடும். இந்நுனியின் இயல்பையும், அதனை நீட்டித்தரும் டெலோமரேஸ் என்னும் நொதியையும் ஆராய்ந்தமைக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் என்னும் மூவர் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர்.

2003-இல் காதன் என்னும் அமெரிக்க அறிஞர், 60 வயது கடந்த 143 பேரை ஆராய்ந்து, நுனி குறுகியோரிடையே இறப்பு மிகுதி எனக் காட்டினார். இதனால் பலர்க்கும் நம்பிக்கை மிக்கது. ஆயினும் தடைகள் பல உள. பிறக்கும்போதே நுனியின் நீளம் ஆளுக்காள் வேறுபடும்; ஆதலின் இளைஞன் ஒருவனுக்கும் முதியோன் ஒருவனுக்கும் அஃது ஒத்திருத்தல் கூடும். ஒரே இரத்தத்தை ஈரிடத்து அளப்பின் விடை மாறுதலும் உண்டு. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியின் நுனி மனிதனுடையதினும் நீண்டது. அதன் வாழ்நாளோ இரண்டு மூன்று ஆண்டுகளே. விண்வெளியில் 340 நாள் தங்கி 2016-இல் மீண்ட ஸ்காட் கெல்லிக்கு ஆங்கே நுனி நீண்டது. மண்ணிற்கு வந்தவுடன் விரைந்து குறுகிற்று. அவர் இளமையெய்திப் பின் ஒரு வாரத்தில் மூத்தார் என்பார் யார்? நீண்ட நுனி சிலவகைப் புற்றுநோய்க்கு இடந்தருதலும் அறியப்பட்டுள்ளது.

அங்ஙனமாயின் இவ்வளவை பயனற்றதோ? அன்று. கேரளக் கடற்கரையில் தோரியம் கலந்த மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த ஊர்கள் உள. அங்கு வாழ்வோரின் டெலோமியர் அதனாற் குறுகவில்லை என 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. இவ்வாறு பலரைச் சேர்த்து ஒப்பிடுதற்கு இது துணையாகும். நுனி அளவிறந்து குறுகும் அரிய பிறவிநோய்களை மருத்துவர் துணிதற்கும் உதவும். தனியொருவன் ஆயுளைக் கணித்தற்கோ போதாது.

எம் பெரியநாயக்கன்பாளையத்து உழவர் காளை வாங்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’, ‘கடை சேர்ந்தது’ என வயது மதிப்பர். எனினும் அக்காளை இன்னும் எத்தனை ஆண்டு ஏர் இழுக்கும் என்பதைப் பல் கூறுமென அவர் நம்பார். நடையையும் தீனியையும் நோயின்மையையும் நோக்கியே விலை பேசுவர். டெலோமியரோ, சென்ற வயதைக்கூட அப்பல்லைப்போல் தெளிவாகக் கூறமாட்டாது.

ஆகலின் நுனி நீண்டதென்று கேட்டவன் செருக்குற்றுப் புகைபிடித்தலும், குறுகியதென்று கேட்டவன் உளமுடைந்து சோர்தலும் ஒப்பப் பிழையாம். நம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எளிதில் அளக்கத் தக்கன, திருத்தவும் தக்கன. அளந்து அஞ்சுதலினும், திருத்தி வாழ்தலே அறிவுடைமையாம்.