பின்னால் வருபவருக்குத் தெரிகிறதா?

அரிசி, பருப்பு விலை பற்றி எழுதுகிற ஆள், இந்த மாதம் மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர் விளக்கைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று உறுப்பினர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். காலை பத்து மணிக்குக் கீழமாசி வீதியில் நின்று பார்த்தால், நம் சரக்கில் பெரும்பகுதி இரண்டு சக்கரத்தில்தான் போகிறது. லாரியில் வந்து இறங்குகிற மூட்டை, கடைசியில் வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்குப் போவது ஒரு பையன் ஓட்டும் வண்டியில். அந்தப் பையன் வலப்புறம் திரும்பப் போகிறான் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்குள் இருக்கிற சங்கடங்களை நான் ஒரு கால் முறிவுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கடையில் டெலிவரி பார்த்த பையன் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். பெட்ரோலுக்குக் கடையில் பணம் கொடுப்போம், வண்டி அவனுடையது. வாங்கிய மூன்றாம் மாதமே கம்பெனி கொடுத்த நான்கு இண்டிகேட்டர்களையும் கழற்றிவிட்டு, சுண்டுவிரல் பருமனில் கறுப்புக் கண்ணாடி போட்ட எல்.இ.டி. விளக்குகளை மாட்டிக்கொண்டு வந்தான். "அண்ணாச்சி, எப்படி இருக்கு?" என்று கேட்டான். நானும் "ஜோரா இருக்குப்பா" என்றுதான் சொன்னேன். உண்மையில் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

ஒருநாள் மாலை நான்கு மணி இருக்கும். ராமநாதபுரம் சாலையில் சிலைமானுக்கு முன்னால் வலப்புறம் ஒரு ஊருக்குள் திரும்பினான். பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துவிட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் பையன், "நான் இண்டிகேட்டர் போட்டேன் அண்ணாச்சி, சத்தியமாப் போட்டேன்" என்று அழுதான். வேன் ஓட்டி வந்தவரும் குடும்பஸ்தர்தான், ஓடிப்போகாமல் அங்கேயே நின்றார். "ஐயா, அந்த வண்டியில் விளக்கு எதுவும் எரியவில்லை" என்று அவரும் அடித்துச் சொன்னார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த நேரத்தில் அந்தச் சாலையில் கிழக்கே போகிறவனுக்கு வெயில் முதுகுப் பக்கம் அடிக்கும். அதாவது சூரியன் நேராக வண்டியின் பின் விளக்குக் கண்ணாடியில் விழும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அது ஒரே மாதிரி பளபளக்கும். கம்பெனி விளக்கு என்றால் அகலமான ஆரஞ்சுக் கண்ணாடியும், உள்ளே கட்டம் கட்டமாக வரியும் இருக்கும். அந்த வரிகள் வெறும் அலங்காரம் அல்ல. பல்பின் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலும் பரப்பிக் கொடுப்பது அவைதான். சின்ன எல்.இ.டி.யில் வெளிச்சம் நேர்க்கோட்டில் ஊசி மாதிரி போகும். நேர் பின்னால் குனிந்து பார்த்தால் கண் கூசும். வேன் ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்து, கொஞ்சம் பக்கவாட்டாகப் பார்த்தால் மங்கிவிடும். அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி என்றால் இருக்கிற வெளிச்சத்தையும் அதுவே விழுங்கிவிடும்.

மெக்கானிக் சொன்ன பாடம்

பையனின் வண்டியைச் சரிசெய்த மெக்கானிக், என் வயதுக்காரர், பட்டறையில் உட்கார வைத்து மேலும் சில விஷயங்களைச் சொன்னார். முதலாவது இடைவெளி. இரண்டு இண்டிகேட்டரையும் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்துவிடுகிறார்கள். பிரேக் பிடித்ததும் சிவப்பு விளக்கின் வெளிச்சம் பக்கத்தில் மினுக்கும் ஆரஞ்சை மூடிவிடும். தெரிந்தாலும் இடதா வலதா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐக்கிய நாடுகள் விதி 53, மோட்டார் சைக்கிளின் பின்பக்க இண்டிகேட்டர் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 180 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது, முன்பக்கம் 240. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, ஒரு சாணுக்குச் சற்று அதிகம் என்று நம் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரன் நீளமான காம்பு வைத்து விளக்கை வெளியே நீட்டியிருப்பது அவனுக்கு அழகு தெரியாததால் அல்ல.

இரண்டாவது, மினுக்கும் வேகம். பழைய பல்பு ஒன்று 10 வாட் என்றால், முன்னும் பின்னுமாக இரண்டுக்கு 20 வாட். பழைய ரக ஃபிளாஷர் அந்தக் கரண்ட் ஓட்டத்தை நம்பி வேலை செய்வது. எல்.இ.டி. இழுப்பது ஒன்றிரண்டு வாட்தான். அதனால் ஃபிளாஷர் குழம்பிப்போய் படபடவென்று அடிக்கும், அல்லது மினுக்காமல் அப்படியே எரிந்து நிற்கும். எல்.இ.டி.க்கென்று உள்ள ஃபிளாஷரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். சிலர் ஒரு ரெசிஸ்டரை இணைத்துச் சமாளிப்பார்கள். அது நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக்கில் படாமல் பொருத்த வேண்டும். மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பைலட் விளக்கு உள்ள வண்டிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. இடது பக்கம் போட்டால் நான்கு விளக்கும் சேர்ந்து மினுக்கும்! அந்த ஒற்றைப் பல்பு வழியாகவே கரண்ட் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவதுதான் காரணம். இரண்டு டயோடு வைத்து வயரை மாற்றினால் தீரும் வேலை. ஆனால் அதற்குப் பொறுமையான ஆள் வேண்டும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102-ஆவது விதிப்படி இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் மினுக்க வேண்டும். பதினைந்து விநாடி எண்ணிப் பாருங்கள், பதினைந்திலிருந்து முப்பதுக்குள் இருந்தால் சரி. நீலம், பச்சை என்று தீபாவளி கொண்டாடுவதற்கு அதில் இடமில்லை. வண்டியை விதிக்குப் புறம்பாக மாற்றி அமைத்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொறுப்பு வண்டியின் சொந்தக்காரருக்கு. கடை வண்டி என்றால் நமக்கு.

என் பங்கு

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் பெரிய ஞானி மாதிரி நடந்துகொண்டேன். பையனின் தாயார் கடைக்கு வந்தபோது, "பேஷனுக்கு ஆசைப்பட்டு இப்படிச் செய்துகொண்டானே அம்மா" என்று சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் குடோன் வாசலில் நின்றிருந்தேன். கடையின் மொபெட்டில் வேறொரு பையன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். சீட்டின் மேல் குறுக்கே 25 கிலோ அரிசி மூட்டை. இரண்டு பக்கமும் சாக்குப் பை, அதில் எண்ணெய் டின். "இண்டிகேட்டரைப் போடுப்பா" என்றேன். போட்டான். பின்னால் போய்ப் பார்த்தேன். சாக்கு மட்டும்தான் தெரிந்தது. வலது, இடது, பிரேக் விளக்கு மூன்றும் சாக்குக்குள். இத்தனைக்கும் அது கம்பெனி விளக்கு, ஒரு திருகுகூட மாற்றாதது.

சிலைமான் போன அன்று அந்தப் பையன் வண்டியிலும் இதே மாதிரி இரண்டு பக்கப் பைகள் இருந்தன. கட்டிக் கொடுத்தவன் என் குடோன் ஆள். சீக்கிரம் போ என்று விரட்டியவன் நான். அந்தச் சின்ன விளக்கு தெரியாமல் போனதற்கு வெயில் எவ்வளவு, கறுப்புக் கண்ணாடி எவ்வளவு, என் சாக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "சரிங்க ஐயா, காப்பி சாப்பிடுங்க" என்றார். ஆஸ்பத்திரிச் செலவில் பாதியை ஏற்கெனவே கொடுத்திருந்தேன், மீதியையும் கொடுத்தேன்.

என் இளமையில் இந்தத் தொல்லை இல்லை. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த புதிதில், மதுரையில் வேர்விட்ட கம்பெனியின் வண்டி என்று நம் ஊரில் அதற்குத் தனி மரியாதை. எங்கள் கடையில் ஓடிய பழைய மொபெட்டில் இண்டிகேட்டரே கிடையாது. கையை நீட்டுவோம், பின்னால் வருகிறவர் நின்றுவிடுவார். இன்று விளக்குத்தூண் பக்கம் கையை நீட்டினால் கையே திரும்பி வராது. ஆனாலும் மூட்டை ஏற்றிய வண்டி திரும்பும்போது விளக்கோடு கையையும் காட்டச் சொல்லி நான் பையன்களிடம் வற்புறுத்துகிறேன். இன்னொன்று, திரும்பி முடித்ததும் அணைக்க வேண்டும். சிம்மக்கல்லில் போட்ட இண்டிகேட்டர் மாட்டுத்தாவணி வரை மினுக்கிக்கொண்டே போவதைப் பார்க்கிறோம். அதை நம்பி ஒருவர் இடப்பக்கமாக ஏறினால் கதை என்னவாகும்?

எல்.இ.டி.யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல்பைவிட அதிக நாள் உழைக்கிறது, பேட்டரிக்கும் சுமை குறைவு. இப்போது வரும் புது வண்டிகள் பலவற்றில் கம்பெனியே அதைத்தான் கொடுக்கிறது. கடையில் வாங்குவதானால் கண்ணாடி ஆரஞ்சாக இருக்கட்டும், காம்பு பழைய நீளத்துக்குக் குறைய வேண்டாம். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் காம்பு என்றால் எர்த்துக்குத் தனி வயர் வேண்டும். பழைய இரும்புக் காம்பு மாதிரி சேஸிஸ் வழியாக எர்த் கிடைக்காது. வயரை மாற்றிக் கொடுத்தாலும் எல்.இ.டி. எரியாது. லோடு வண்டி என்றால், மூட்டை கட்டிய பிறகு அதன் விளிம்புக்கு வெளியே விளக்கு தெரிய வேண்டும். என் கடை மொபெட்டுகளில் பக்கப் பையை ஓர் அடி முன்னால் தள்ளிக் கட்டுகிறோம். ஒரு நடைக்கு ஐந்து கிலோ குறைகிறது. கணக்குப் பார்த்தேன், பரவாயில்லை.

பையன் எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறான். வந்த வாரமே புதிதாக ஒரு செட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். எல்.இ.டி.தான், பழைய ஆசை போகவில்லை. ஆனால் ஆரஞ்சுக் கண்ணாடி, நீளக் காம்பு. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் வண்டியைக் குடோன் வாசலில் மூட்டையோடு நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, நீங்க சந்து முனைக்குப் போங்க, நான் எந்தப் பக்கம் போடுறேனோ அந்தக் கையைத் தூக்குங்க" என்றான். ஐம்பது அடி தள்ளிப் போய், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். முதலில் வலது கையைத் தூக்கினேன். பிறகு இடது.